பதினான்காவது உறை

நெல்டா வோட்டிப்காவை வேலையிலிருந்து நீக்கிய கடிதத்தில் மொத்தம் நான்கு வரிகள். அவற்றில் மூன்றை அவள் மன்னித்துவிட்டாள். நான்காவது வரியில் 'கவனக்குறைவு' என்றொரு சொல் இருந்தது. அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

டெக்சாஸின் கோவார் க்ரீக் ஊரில், நிலப்பத்திர அலுவலகத்தின் முன்மேசையில் பதினோரு ஆண்டுகள் இருந்தவள் அவள். அவள் கையால் போன எந்தப் பத்திரமும் பிழை என்று திரும்பி வந்ததில்லை. கணவர் இறந்த பிறகு, ஊருக்கு வெளியே இருபத்தேழு மைல் தொலைவில், மாட்டுக்கொட்டகையும் அவளும் மட்டும்தான். அவசரம் என்று அழைத்தால் ஷெரிஃப் வண்டி வந்து சேர நாற்பது நிமிடம். அதனால் முறையாக உரிமம் வாங்கிக் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டாள். மேலாளர் ஹார்லன் டீக்கிடம் முன்கூட்டியே கேட்டாள். "தாராளமா கொண்டு வா, நெல்டா. யார் கண்ணுலயும் படாம இருந்தா சரி" என்றார் அவர். வாயால்தான் சொன்னார்.

ஒரு மார்ச் மாதத்து வியாழக்கிழமை, கீழ் இழுப்பறையிலிருந்து படிவம் எடுக்கக் குனிந்தபோது, முதுகுப்புறம் இடுப்பில் சட்டைக்குள் இருந்த துப்பாக்கியின் உருவம் துணியில் அப்படியே தெரிந்தது. எதிரே நின்ற முதியவர் அக்கறையோடுதான் சொன்னார்: "அம்மா, பின்னாடி சட்டையை இழுத்து விட்டுக்கங்க." அது ஹார்லன் காதில் விழுந்தது. தலைமை அலுவலகம் விசாரித்தபோது, தாம் அனுமதி கொடுக்கவே இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது தாளில் இருந்தது. அவர் சொன்னது எங்கும் இல்லை. அன்றிலிருந்து எழுத்தில் வராத எந்த வார்த்தையையும் நெல்டா நம்பியதில்லை.

அந்தக் கடிதத்தைக் கண்ணாடித்தாள் உறையிலிட்டு ஒரு கோப்பின் முதல் பக்கமாக வைத்தாள். இரண்டாம் பக்கத்தில் கட்டம் போட்டாள். தேதி, உடை, அணிந்த மணிநேரம், உட்கார்ந்தபோது, குனிந்தபோது, வண்டி ஓட்டியபோது. அனுமதி விஷயத்தில் அவளுக்கு நடந்தது அநியாயம். ஆனால் துப்பாக்கி வெளியே தெரிந்தது உண்மை. அந்த உண்மையை மட்டும் அவள் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள்.

துப்பாக்கி வைத்திருக்கும் அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் ஒரு பெட்டி இருக்கும். ஆசையாக வாங்கி, ஒரு வாரம் அணிந்து, வேண்டாமென்று எறிந்த துப்பாக்கி உறைகளின் பெட்டி. மற்றவர்கள் அதைக் காட்டிச் சிரிப்பார்கள். நெல்டா தன் பெட்டியில் இருந்த ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டுச் சீட்டுக் கட்டினாள். வீட்டில் சோதிக்கும்போது துப்பாக்கியில் குண்டு இருக்காது. குண்டுகளை வேறு அறையில் வைத்துப் பூட்டிவிட்ட பிறகே கண்ணாடி முன் நிற்பாள்.

முதல் உறை அருமையான தோல். தேவாலயத்தில் மண்டியிட்டபோது கிரீச்சிட்டது. கணுக்காலில் கட்டுவதை அணிந்து நடந்தால் நொண்டுவது போலிருந்தது. வயிற்றில் சுற்றும் வெறும் துணிப்பட்டை மெத்தென்று இருந்தாலும், சுடும் விசையின் மேல் கெட்டியான மூடி இல்லை. ஒரு மணி நேரத்தில் கழற்றி, 'விசை மூடப்படவில்லை. முடிந்தது' என்று எழுதினாள். கைப்பையில் வைத்துப் பார்த்தாள். மளிகைக்கடை மேடையில் பையை வைத்துவிட்டு இரண்டடி நடந்ததும் உள்ளங்கை வியர்த்தது. அன்றே பையும் பெட்டிக்குப் போயிற்று. ஏழாவது, நிற்கும்போது சொர்க்கம்; வண்டியில் உட்கார்ந்தால் விலா எலும்பில் குத்தியது.

எட்டாவது உறையின்போதுதான் கட்டத்தில் புதிதாக ஒரு பத்தி சேர்த்தாள்: ஒரு நாளில் கை எத்தனை முறை இடுப்பைத் தொட்டது. முதல் நாள் முப்பத்தொன்று. அவளுக்கே அதிர்ச்சி. எழும்போது ஒரு தொடல், கதவைத் திறக்கும்போது ஒரு தொடல், யாராவது எதிரே வந்தால் ஒரு தொடல். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவள் எழுதிய குறிப்பு இது: "துப்பாக்கியைத் துணி மறைத்துவிடுகிறது. அதைத் தேடிப்போகும் கையை எதுவும் மறைப்பதில்லை. உறுத்தும் இடத்துக்குத்தான் கை போகிறது. ஆகவே உறுத்தாத உறையே மறைக்கும் உறை."

இன்னொன்றையும் கண்டுகொண்டாள். குழல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் உடலோடு ஒட்டிக்கொள்ளும். வெளியே துருத்துவது பிடிதான். பதினான்காவது உறை அகலமான இழுபட்டையில் தைத்த கெட்டி ஓடு. விசையை முழுதாக மூடும். முன்பக்கம், இடுப்புக்கோட்டுக்குச் சற்றுக் கீழே அமரும். ஓட்டின் அடியில் சிறிய பஞ்சுத் திண்டு ஒன்று. அது கீழ்முனையை வெளியே தள்ள, பிடி உள்ளே சாய்ந்து உடலோடு ஒட்டியது. பத்தொன்பதாம் நாள் மாலை கட்டத்தை நிரப்ப உட்கார்ந்தவளுக்கு, அன்று ஒரு முறைகூடத் தொட்ட நினைவில்லை. பூஜ்யம் என்று எழுதினாள். அதன் பின் தொண்ணூறு நாட்கள் பூஜ்யம்.

இதற்கிடையில் துப்பாக்கிப் பயிற்றுநர் சான்றிதழும் வாங்கிவிட்டாள். கிளோவிஸ் ராடமாக்கரின் சுடுதளத்தில் பெண்களுக்குப் புதிதாக வகுப்பு தொடங்கப்போவதாக அறிவிப்பு வந்ததும், கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலை கேட்கப் போனாள்.

கிளோவிஸ் கோப்பைத் திறந்தார். முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"நெல்டா, கோவிச்சுக்காதே. மறைச்சு வைக்கறதைச் சொல்லித்தர்ற வேலை இது. மறைக்கத் தெரியாம வேலை போனவகிட்ட எவ வந்து கத்துப்பா?"

"அப்போ தெரியாது. இப்போ தெரியும்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. கண்ணாடி முன்னாடி நானும்தான் ஒல்லியா தெரியறேன்."

"அப்ப நீங்களே சோதிச்சுப் பாருங்க."

கிளோவிஸ் மோவாயைச் சொறிந்தார். வருகிற ஞாயிறு தேவாலயக் கூடத்தில் பெருவிருந்து. ஊரே வரும். காலை பத்திலிருந்து மாலை நான்குவரை அவள் துப்பாக்கியை அணிந்திருக்க வேண்டும்; அவரும் அவர் மனைவி பெர்னடீனும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கட்டியணைக்கலாம், கேள்வி கேட்கக்கூடாது. நான்கு மணிக்குத் துப்பாக்கி எங்கே என்று இருவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிட்டாலோ, மூன்றாமவர் யாராவது கண்டுபிடித்துவிட்டாலோ வேலை இல்லை.

"எழுதிக் குடுங்க" என்றாள் நெல்டா.

"என் வாய் வார்த்தை போதாதா?"

"உங்க வாய்க்கு ஒரு குறையும் இல்ல. முன்னாடி ஒருத்தர் வாயும் நல்லாத்தான் இருந்துச்சு."

கிளோவிஸ் சிரித்தபடி, சுட்டுப் பழகும் ஓர் இலக்குத்தாளின் பின்பக்கம் நிபந்தனைகளை எழுதிக் கையெழுத்திட்டார். சனிக்கிழமை நெல்டா கூடத்துக்குப் போய், துப்பாக்கி கூடாது என்ற அறிவிப்பு எந்த வாசலிலும் இல்லை என்பதைப் பார்த்து, படமெடுத்துக் கோப்பில் சேர்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நீலப்பூப்போட்ட சட்டையும் முழங்காலுக்குக் கீழிறங்கும் பாவாடையுமாக வந்தாள். அந்த ஊரில் கட்டியணைக்காமல் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கோ தனி அணைப்பு ஒன்று உண்டு: முழங்கையை விலாவோடு ஒட்டி, தோளை முன்னே கொடுத்து, எதிராளியின் கை தன் இடுப்புக்குப் போகாதபடி மேலாக அணைப்பது. கிளோவிஸ் முதலில் தேடியது அதைத்தான். நெல்டா இரண்டு கைகளையும் விரித்து வந்தவர்களையெல்லாம் அணைத்தாள்.

பெர்னடீன் மட்டும் நான்கு முறை அணைத்தாள். ஒவ்வொரு முறையும் கை வேறு பக்கம் போயிற்று.

"கண்ணு, இன்னிக்கு உன் மேல எனக்கு என்னமோ பாசம் பொங்குது."

"பொங்கட்டும். அப்படியே இந்தத் தட்டையும் ஒரு கை பிடிங்க."

இறைச்சித் தட்டுகளைத் தூக்கினாள், விறகடுப்பருகே குனிந்தாள், பெஞ்சுக்கடியில் உருண்ட ஊறுகாய்ப் புட்டியை எட்டி எடுத்தாள். சூடான கொலாச்சி ரொட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குழந்தைகளுக்குப் பங்கிட்டாள். எதிர்வரிசையிலிருந்து கிளோவிஸ் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளுக்கு வேலை நிறைய இருந்தது. இடுப்பில் ஒரு வேலையும் இல்லை.

உருளைக்கிழங்கு வாங்கும் வரிசையில் ஹார்லன் டீக் நின்றிருந்தார். மூன்றாண்டுகளில் முதல் முறையாக நேருக்கு நேர். அவரே கையை விரித்து அணைத்தார், நெல்டா விலகவில்லை.

"நல்லா இருக்கே, நெல்டா. அந்தத் துப்பாக்கியெல்லாம் தூக்கிப் போட்டுட்ட போலிருக்கு. நல்ல முடிவு. உனக்கு அது ஒத்து வராதுன்னு நான் அப்பவே சொன்னேன்."

நெல்டாவின் வாய்வரை வந்தது. மூன்றாண்டுகள் கட்டம் கட்டமாக எழுதியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் முகம் மாறும். அதைப் பார்க்கும் ஆசையும் இருந்தது. ஆனால் மூன்றாமவருக்குத் தெரிந்தால் வேலை இல்லை என்று தாளில் இருந்தது. "நீங்க சொன்னது ஒண்ணொண்ணும் ஞாபகம் இருக்கு, ஹார்லன்" என்று மட்டும் சொல்லி, அவர் தட்டில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கு கூடுதலாக வைத்தாள்.

நான்கு மணிக்கு மூவரும் கூடத்தின் பின்புறம் கூடினார்கள்.

"கணுக்கால்" என்றாள் பெர்னடீன், நம்பிக்கையில்லாமல். நெல்டா பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் சற்றே உயர்த்தினாள். வெறும் காலுறை.

கிளோவிஸ் கைகளைக் கட்டிக்கொண்டார். "நான் சொல்லட்டுமா? உன் வண்டில இருக்கு. இன்னிக்கு நீ எதையுமே போட்டுட்டு வரல. இப்படி ஒரு நாள் முழுக்க எந்த மனுஷியாலயும் இருக்க முடியாது. ஏமாத்தற."

நெல்டாவுக்குக் காது சூடேறியது. முன்பு தெரிந்துவிட்டது என்று நீக்கினார்கள். இப்போது தெரியவில்லை என்பதே குற்றமாகிறது. குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "பெர்னடீன், ஒரு நிமிஷம் என்கூட உள்ள வாங்க."

பெண்களுக்கான அறையிலிருந்து பெர்னடீன் தனியாகத்தான் முதலில் வெளியே வந்தாள். கணவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருக்கா?"

"இருக்கு."

"எங்க?"

"அது பொம்பளைங்க கிளாஸ்ல சொல்லுவாங்க. உனக்கு இடமில்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாலு தடவை கட்டிப்பிடிச்சேன், கிளோவிஸ். முதல் வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போட்டு வை."

கிளோவிஸ் தொப்பியைக் கழற்றினார். அந்த ஊரில் அவர் அதைப் பிரார்த்தனைக்கும் சவ ஊர்வலத்துக்கும் மட்டுமே கழற்றுபவர். இலக்குத்தாளை வாங்கி, 'தேறினாள். வேலை இவளுக்கே' என்று எழுதித் தேதியிட்டார். எழுதி முடித்ததும் அவருக்கே ஆவேசம் வந்துவிட்டது.

"அந்த ஹார்லனைக் கூப்பிடறேன். இதை அவன் தெரிஞ்சுக்கணும்."

"வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சா அப்புறம் அது என்ன மறைவு?"

இசைக்குழு போல்கா என்னும் ஜோடி ஆட்டத்துக்கான இசையைத் தொடங்கியிருந்தது. நெல்டா கூடத்துக்குள் நுழைந்தபோது ஹார்லனே எழுந்து வந்தார். "பழசையெல்லாம் மறந்துட்டு ஒரு ஆட்டம் ஆடலாமா?"

"ஆடலாம். ஆனா எதையும் மறக்கறதா இல்ல."

நகைச்சுவை என்று நினைத்து அவர் உரக்கச் சிரித்தார். மூன்று சுற்றுகள் ஆடினார்கள். அவருடைய உள்ளங்கை அவள் முதுகில், அன்று சட்டைக்குள் துப்பாக்கி தெரிந்த அதே இடத்தில் பதிந்திருந்தது. அங்கே இப்போது துணியும் முதுகெலும்பும் மட்டுமே. சுவரோரம் கிளோவிஸ் இருமல் வந்தவர் போல வாயைப் பொத்திக்கொண்டு நிற்க, பெர்னடீன் அவர் காலை மிதித்தாள். நெல்டா நிமிர்ந்த முதுகோடு நான்காவது சுற்றுக்கும் திரும்பினாள்.

வீடு வந்ததும் முதல் வேலையாகக் கோப்பைத் திறந்தாள். இலக்குத்தாளை மடித்து, அந்த நான்கு வரிக் கடிதம் இருந்த கண்ணாடித்தாள் உறையிலேயே, அதற்கு முன்னால் செருகினாள். பிறகு அன்றைய கட்டத்தை நிரப்பினாள். அணிந்தது எட்டு மணி நேரம். உடை, நீலப்பூ. ஆட்டம், நான்கு சுற்று. தொட்டது, பூஜ்யம்.