வாக்கியம் டீச்சர் அடித்த வாக்கியம்

எங்கள் டியூஷன் சென்டரில் நான் கணக்கு நடத்துகிறேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் ஆங்கிலம். அதை நடத்துகிறவளுக்கு நாங்கள் வைத்த பெயர் வாக்கியம் டீச்சர். எந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தாலும் அவரவர் வீட்டு விஷயத்தை வைத்துத்தான் வாக்கியம் எழுத வேண்டும். புத்தக வாக்கியம் என்றால் அடித்துவிடுவாள். பாதித் தெருவின் ரகசியம் அவள் கையில் இருந்தது. ஒன்றும் வெளியே வந்ததில்லை.

வேலை தேடுவதற்காக அவள் தங்கையும் அந்த வகுப்பில் சேர்ந்திருந்தாள். புருஷன் கைநீட்டுகிறவன். இரண்டு முறை அக்கா வீட்டுக்கு ஓடி வந்தாள். இரண்டு முறையும் டீச்சரே சமாதானம் சொல்லித் திரும்பக் கொண்டுபோய் விட்டாள். வேண்டாம் என்று சொல்லப்போன எனக்கு, உங்கள் கணக்கைப் பாருங்கள் என்று பதில் வந்தது. எனக்குக் கோபம்தான். வாயை மூடிக்கொண்டேன்.

அன்றைக்குப் பாடம் ‘ரைடு அவுட்’. புயலில் கப்பல் கவிழாமல், அது ஓயும்வரை தாக்குப்பிடிப்பது என்று விளக்கினாள். காய்ச்சலுக்குச் சொல்லலாம், வியாபாரம் படுத்துக்கிடக்கும் காலத்துக்குச் சொல்லலாம். ஆனால் வந்த கஷ்டம் கடந்துபோக வேண்டும், நாமும் முழுசாக வெளியே வர வேண்டும், அப்போதுதான் இந்தச் சொல் பொருந்தும் என்றாள்.

இடைவேளையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினாள். தங்கையின் நோட்டு வந்ததும் பேனா நின்றது. ‘ஏழு வருடமாக என் கணவரின் கோபத்தை ரைடு அவுட் செய்கிறேன்.’ எழுத்து கோணல்மாணலாக இருந்தது. வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் எழுதியிருக்கிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருந்தாளாம்.

டீச்சர் அந்த வரியைச் சிவப்பில் அடித்தாள். வீட்டு வாக்கியம் ஒன்றை அவள் அடித்து நான் பார்த்ததில்லை.

வகுப்பு கலைந்ததும் தங்கை நோட்டோடு வந்தாள்.

“இலக்கணம் தப்பாக்கா?”

“இலக்கணம் சரிதான். ஆனா அவன் ஓயமாட்டான்டி. பொறுத்துக்கோன்னு நான்தான் உனக்குத் தப்பா சொல்லிக்கொடுத்துட்டேன். இன்னைக்கு நம்ம வீட்டுக்கு வா.”

தங்கையின் கணவனை அவள் ‘அவன்’ என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

தங்கை நகரவில்லை. “நாளைக்கு அவரு வந்து கூப்பிட்டா, மறுபடியும் கொண்டுபோய் விட்டுருவியாக்கா?”

 டீச்சர் தங்கையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.