சிற்றாற்றில் ஒரு கண்ணாடிக் குழாய்

யுத்த காலத்தில் விமானப் படையில் ஓட்டியாக இருந்த என் தம்பி இறந்துபோனபோது எனக்கு அழுகை வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. காரியம் முடிந்த மறுநாளே தென்காசிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் விஞ்ஞானப் பாடம் நடத்தினேன். கல்நெஞ்சுக்காரன் என்று ஊர் பேசியது. பேசட்டும்.

தம்பியையும் விடவில்லை. ஆகாயத்தில் வித்தை காட்டப் போய் விழுந்தான் என்றார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. அவள் என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "ஏலே, அவன் மேல தப்பா?"

அவனோடு வேலை பார்த்த ஒருவர் லீவில் ஊர்ப்பக்கம் வந்தபோது எங்களைத் தேடி வந்தார். சாரல் நாள். குற்றாலத்துக்குக் குளிக்கக் கூட்டிப் போனேன். தலை துவட்டிக்கொண்டே அவர் சொன்னார். விமானத்தின் இறக்கையில் ஒரு சின்னக் குழாய் முன்னால் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்று அதன் வாயில் மோதி அழுத்தும். அழுத்தம் கூடக் கூட, வேகம் காட்டும் முள் ஏறும். அந்த வாயைக் குளவி மண் வைத்து அடைத்துவிட்டது. வேகம் தெரியாமல், இறங்கும்போது அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டான். அந்த வேகத்தில் இறக்கை விமானத்தைத் தாங்கவில்லை; விழுந்துவிட்டது.

"முந்தின நாள் சாயங்காலம் அந்தக் கூட்ட அவனே பாத்தான் அண்ணாச்சி. நான் கலைக்கப் போனேன். 'விடுடே, எங்க மதினி மாசமா இருக்கா, காலைல பாத்துக்கலாம்'னான். காலைல அவசரமா கிளம்பச் சொல்லிட்டாங்க. மறந்துட்டான்."

குளவி கூடு கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கலைப்பதில்லை. என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். துண்டைப் பிழிய வேண்டும் என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக் குழாய் ஒன்றை விளக்கில் காட்டி வளைத்து எடுத்துக்கொண்டு, அம்மாவைச் சிற்றாற்றுக்கு அழைத்துப் போனேன். இறக்கையில் இருந்த குழாயையும் வேக முள்ளையும் பற்றி வழியில் சொன்னேன். வளைந்த வாயை ஓட்டத்துக்கு எதிரே பிடித்ததும், குழாய்க்குள் தண்ணீர் ஆற்று மட்டத்தைத் தாண்டி ஏறி நின்றது. இழுப்பு அதிகமான இடத்தில் இன்னும் ஏறியது. பிறகு குழாயை உதறிவிட்டு, வாயில் கரை மண்ணை அப்பி மறுபடி பிடித்தேன். ஆறு அதே வேகத்தில்தான் ஓடியது. குழாயில் ஒரு சொட்டு இல்லை.

"இதான் நடந்தது. முள்ளு பொய் சொல்லிட்டு. அவன் என்ன செய்வான்? குளவி அடைச்சத ஒருத்தரும் பாக்கலம்மா," என்றேன். வகுப்பில் பேசுகிற அதே குரல். எனக்கே வெறுப்பாக இருந்தது.

அம்மா குழாயை வாங்கி, அதன் வாயில் இருந்த மண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"பாத்திருப்பாம்லே," என்றாள். "மதினி மாசமா இருக்கான்னு கேட்டதுல இருந்து அவனுக்குத் தலகால் புரியல. பாத்துட்டுத்தான் விட்டிருப்பான்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"உம் பொண்டாட்டி காதுக்கு இது போவக் கூடாது," என்றாள்.