கறுப்புக் காரில் சிவப்புப் பொடி

அந்தக் காலத்தில் மதுரையில் மோட்டார் வண்டிக்கு பிரஷ்ஷால்தான் பெயிண்ட் பூசுவார்கள். எங்கள் பட்டறைக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கிற துப்பாக்கி வந்திருந்தது. தானாக வரவில்லை. ஆறு மாதம் முதலாளியின் உயிரை எடுத்து நான்தான் வரவழைத்தேன். காற்றடிக்கும் எந்திரத்தில் குழாயை மாட்டி விசையை அழுத்தினால் உஸ்ஸென்று புகையாய்ப் பெயிண்ட் கிளம்பும். எட்டு நாள் பூசுகிற பஸ் இரண்டே நாளில் முடிந்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. “நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீங்க இம்புட்டுச் சிரிக்கலயே” என்றாள் என் மனைவி. அது உண்மைதான்.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். “இதால ஒரு வண்டி கெட்டுச்சுன்னு வையி, துப்பாக்கியும் வெளிய, நீயும் வெளிய.”

ஆவணியில் ஒருநாள் விடியுமுன்பே தல்லாகுளத்து வக்கீல் ஒருவருடைய கறுப்பு பிளஷர் கார் மெருகு போட வந்தது. மறுநாள் திருப்பரங்குன்றத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம். வண்டி வந்த அன்றைக்கே சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிதான். நாலு மணிக்கு எடுக்க வருவதாகச் சொல்லியிருந்தார். நான் விடியற்காலையிலேயே ஆரம்பித்து, பத்து மணிக்குள் தேய்த்து மெழுகு போட்டு முடித்துவிட்டேன். கதவில் முகம் பார்த்து மீசையை முறுக்கிக்கொள்ளலாம்; முறுக்கியும் கொண்டேன்.

அதே கொட்டகையில் கல்லுப்பட்டிப் பாதையில் ஓடுகிற பஸ் ஒன்று சிவப்புப் பெயிண்டுக்காக நின்றது. பெயிண்ட் அடிக்குமுன் பக்கத்து வண்டியை மூட வேண்டும் என்பது எங்கள் பட்டறை விதி. இரண்டு வெள்ளை வேட்டிகளை விரித்துக் காரை முழுக்க மூடிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். தலையிலிருந்து கால்வரை வெள்ளைத்துணி போர்த்தி நீட்டிக் கிடத்தியது போலிருந்தது. மாப்பிள்ளை ஏறப்போகிற வண்டிக்கு இது என்ன கோலம்! கலர் துணி ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன், பட்டறையில் ஏது? காற்று வாசல் பக்கமாகத்தானே போகிறது, கார் உள்பக்கம்தானே நிற்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு இரண்டு வேட்டியையும் உருவி எறிந்தேன்.

ஒரு மணி நேரம் ஆனந்தமாக அடித்தேன். ஆடி முடிந்தும் ஓயாத காற்று இடையில் திசை மாறியது எனக்குத் தெரியவே இல்லை. வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டுத் திரும்பினால், கறுப்புக் கார் செம்மண் பாதையில் பத்து மைல் ஓடி வந்த மாதிரி நிற்கிறது! ஓடிப்போய்த் துடைத்தேன். வரவில்லை. விரலால் தடவினால் நெருநெருவென்றது. பறக்கும்போதே பாதி காய்ந்த பெயிண்ட், பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் போட்டேன், அசையவில்லை. பெயிண்ட் கரைக்கிற எண்ணெயை வண்டியின் அடிவிளிம்பில் ஒரு மூலையில் தொட்டு வைத்தேன். சிவப்போடு கறுப்பும் சேர்ந்து துணியில் வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பிடப் போயிருந்த முதலாளி திரும்பி வந்தார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. “நாலு மணிவரைக்கும் பாப்பேன்” என்று மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மனைவி சோற்றுப் பாத்திரத்தோடு வந்தாள். திருப்பரங்குன்றம் பக்கம் பொம்மை செய்கிற வீட்டில் பிறந்தவள். கொலு வரப்போகிறது என்று எங்கள் வீட்டிலும் மண் பிசைந்துகொண்டிருந்தாள். நான் தலையில் கை வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுக் காரைத் தடவினாள்.

“இதுக்கா இப்படி உக்காந்திருக்கீக? பொம்மையில பூச்சு காஞ்சப்புறம் தூசி ஒட்டுனா நாங்க மண்ணு வச்சுத்தான எடுப்போம்?”

“அடியே, இது பொம்மையில்லடி, காரு! மண்ணு வச்சா கீறிப்போகும்.”

“எம் மண்ணுல மணலு இருக்குன்னு சொன்னது யாரு?” கோபம் வந்துவிட்டது அவளுக்கு. “மூணு தடவ துணியில வடிகட்டுனது. வெண்ணெய்கூட அம்புட்டு மழமழப்பா இருக்காது. இருங்க, வாரேன்.”

பக்கத்துத் தெருதான் வீடு. ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்தாள். பின் சக்கரத்துக்கு மேலே, கண்ணில் படாத இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்து, உள்ளங்கையளவு மண்ணைத் தட்டையாக்கி மெதுவாக ஓட்டினாள். முதலில் கரகரவென்று சத்தம். நாலு ஓட்டத்தில் சத்தம் நின்றது. மண்ணைத் திருப்பிக் காட்டினாள். மண்ணின் முகமெல்லாம் சிவப்பு! கீழே கறுப்பு, ஒரு கீறல்கூட இல்லாத கறுப்பு! நான் போட்ட கூச்சலில் முதலாளி வாசலிலிருந்து ஓடி வந்தார்.

அப்புறம் சோறாவது தண்ணியாவது! அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீர் தெளிக்க, ஓட்ட, சிவந்த முகத்தை உள்ளே மடித்துப் புது முகத்தை வெளியே எடுக்க, மறுபடி ஓட்ட. நான் அழுத்தினால் “பைய, பைய” என்று அதட்டினாள். முதலாளியே சட்டையைக் கழற்றிவிட்டு வாளி சுமந்தார். மூன்றரைக்குக் கூரையும் முடிந்தது. கழுவித் துடைத்து மறுபடி மெழுகு போடவும் வக்கீல் வந்து இறங்கவும் சரியாக இருந்தது.

வண்டியைச் சுற்றி வந்து கதவைத் தடவினார். “குடுக்கும்போது இப்படி வழுவழுப்பா இல்லையே, என்ன போட்டீங்க?” என்றார்.

“சீமை மருந்துங்க” என்றார் முதலாளி, கண்ணை இமைக்காமல்.

வக்கீல் மூலையில் நின்ற என் மனைவியைப் பார்த்தார். “இது யாரு, மேலெல்லாம் மண்ணா?”

“சோறு கொண்டாந்த பொம்பளைங்க” என்றார் முதலாளி.

அவள் தலையைக் குனிந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது எனக்கும் தெரியும். இருந்தும் வாய் நிற்கவில்லை.

“எம் பொண்டாட்டிங்கய்யா. துணி மூடாம பெயிண்டடிச்சு உங்க வண்டியக் கெடுத்தது நானு. பொம்ம மண்ண வச்சு அதச் சரிபண்ணுனது இவ. சீமை மருந்துமில்ல, ஒண்ணுமில்ல.”

முதலாளி முகம் செத்துவிட்டது. வக்கீல் குனிந்து வண்டியை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு அவளிடம், “நல்லாருக்கும்மா” என்றார். ஏறி உட்கார்ந்தார். வண்டி போய்விட்டது.

பட்டறையில் நாங்கள் மூன்று பேர்தான். முதலாளி சட்டையை மாட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பொத்தானுக்கு அத்தனை நேரம் ஆகுமா? “நாளைக்கு நான் வரவா?” என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. ஊர்ப்பட்ட வாய் எனக்கு, அந்த மூணு வார்த்தை வரவில்லை.

கடைசியில் அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்துப் பேசினார். “தாயி, அந்த மண்ணுல இன்னொரு சட்டி குடுத்தனுப்புறியா?”

அவள் காலிச் சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“குடுத்தனுப்புறேன் மொதலாளி. காலையில இவரு வேலைக்கு வாரப்பவே குடுத்து விடவா?”