அக்கா செத்துக் கிடந்த காட்சி

கதவுக்கு மேலே எரிந்த சிவப்பு விளக்குதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது எரியும்போது தும்மக்கூடக் கூடாது என்று சொல்லி, சென்னையில் டிவி நாடகம் எடுத்த கூடத்தில் என்னை ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். வாரத்துக்கு ஒரு நாடகம் வந்த காலம் அது. சிதம்பரத்தில் ஒரு நாடகக் குழுவில், செட்டு என்போம், இருபது வருடம் நடித்த என் அக்காவுக்கு அதில் தாய் வேஷம் கிடைத்திருந்தது. கடைசியில் அந்தத் தாய் செத்துப்போவாள்.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் பிணமாகக் கிடந்தவரைத் திரை விழுந்ததும் சொந்தக்காரர் ஒருவர் உறவு சொல்லிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். எழுப்பாமல் விட்டால் வேஷத்துச் சாவு உடம்பில் தங்கிவிடும் என்பார்கள். அக்காவை எழுப்புவது எப்போதும் என் வேலை.

அன்றைக்கு அக்கா கண்ணை மூடினாள். மேடையாக இருந்தால் அப்போதே திரை விழுந்திருக்கும். இங்கே திரையே இல்லை. கேமரா அவள் முகத்துக்கிட்டே போய் நின்றது, நகரவே இல்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறாள். “அக்கா, எழுந்திரு! வூட்டுக்குப் போவலாம்!” என்று கத்திவிட்டேன்.

அப்போதெல்லாம் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுப்பார்கள். ஓரிடம் கெட்டால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். நாடகத்தை எடுத்த டிவி அதிகாரி என்னை மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் செய்தது முறைதான், கேட்கமாட்டேன் என்று நின்றேன். அக்கா அவர் காலில் விழப்போனாள். “ரெண்டு பேரும் கெளம்புங்க” என்றுவிட்டார்.

நாடகம் வந்த மாலை, டிவி இருந்த வீட்டில் எங்கள் தெருவே கூடியிருந்தது. செட்டை நடத்திய வாத்தியாரும் வந்திருந்தார். தாய் வேஷத்தில் வேறு யாரோ.

“என்னாடி, ஒன்னக் காணும்? மெட்ராசுல கடலப் பாத்துட்டு வந்துட்டியா? அதுக்குக் கடலூரே போதுமே!” என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. வாத்தியாரைப் பார்த்து, “வசனம் மறந்துபோச்சு மாமா, வேணாம்னுட்டாங்க” என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அதன்பின் அவளுக்கு வேஷமும் தரவில்லை. “வசனம் மறக்கறவள எப்பிடிம்மா மேடை ஏத்தறது?” என்றார். அடுத்தவர் வசனத்தையும் எடுத்துக்கொடுத்தவள் அவள். மிச்சக் காலம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கினாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ‘நான்தான் கெடுத்தேன்’ என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

இப்போது கடலூரில் மகன் வீட்டில் டிவி நாள் முழுக்க ஓடுகிறது. நாடகத்தில் யாராவது செத்தால் மருமகள் எழுந்து குக்கரை அணைக்கப் போகிறாள். அக்கா போய்விட்டாள், வாத்தியாரும் போய்விட்டார். உண்மையைச் சொல்லி, இனி யாரிடம் போய் அவளுக்கு ஒரு வேஷம் கேட்பேன்?