ஊரே வீட்டில் இருந்த வியாழக்கிழமை

கமலாத்தாளுக்கு ரயில்மேல் ஆசை ஒன்றும் கிடையாது. வேப்பம்பதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து பொள்ளாச்சி வண்டி அவள் வீட்டுக் கடலைக் காட்டை ஒட்டித்தான் போகிறது. கரித்தூள் பறந்து வந்து காயப்போட்ட வேட்டியில் விழும். அவள் வண்டியை வைவாள். வண்டி தன்பாட்டுக்குப் போய்விடும். ஊருக்குள்ளே ஓடுகிற வண்டி ஊரில் நிற்பதில்லை என்பதை அங்கே யாரும் குறையாக நினைத்ததில்லை. ஏற வேண்டுமானால் மேற்கே நாலு மைல் மாந்தோப்புகளுக்குள் நடந்து அடுத்த ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பொள்ளாச்சி இருப்பதோ கிழக்கே. கிழக்கே போவதற்கு மேற்கே நடக்கிற ஊர் என்று அக்கம்பக்கத்துக்காரர்கள் கேலி பேசுவார்கள். சந்தைக்குப் போகிற வேப்பம்பதிக்காரர்களும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடப்பார்கள்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவள் மகள் செல்லாத்தாள் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். அந்த ஊரில் அதைத் தேறிய முதல் பெண். பொள்ளாச்சியில் பி.யு.சி. படிக்க வேண்டும் என்றாள். அப்பன் ஈஸ்வரமூர்த்தி கெட்டவன் இல்லை. ஆனால் உடுமலைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவனுடைய அக்கா ராமாத்தாள் தன் மகனுக்குப் பெண் கேட்டுக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு முடியாது என்று சொல்ல அவனுக்கு வாய் வராது. மகளுக்கு முடியாது என்று சொல்லவும் மனசு வரவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தான்.

"பொட்டப்புள்ளைய ஆஸ்டல்ல உட முடியாது. விடியறதுக்கு முந்தித் தோப்புக்குள்ள நடக்க உடவும் முடியாது. வண்டி நம்மூர்ல நின்னா அனுப்பறேன். வர்ற வைகாசிக்குள்ள நிக்கட்டும். இல்லீன்னா அக்கா பையனுக்குக் கட்டிக் குடுத்தரலாம்."

நடக்காத காரியத்துக்குக் கெடு வைத்துவிட்டு நல்ல பெயர் வாங்குவதில் சில ஆண்களுக்குத் தனிச் சாமர்த்தியம் உண்டு. ஆனால் கமலாத்தாள் அதை வாக்காகவே எடுத்துக்கொண்டாள். நாலாவது படிக்கும்போது அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். பதினாலு வயசில் கட்டிக்கொடுத்தார்கள். புருஷன் அடித்ததில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் இல்லை. அப்படி ஒரு வாழ்க்கை மகளுக்கு வேண்டாம் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்த நியாயம். "நாம் பட்டது நம்மளோட போகட்டுங்க" என்று புருஷனிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

ஸ்டேஷன் கேட்டு ஊர் ஆண்கள் முன்பே ஒரு தரம் மனுப் போட்டிருந்தார்கள். பதில் வரவில்லை, அத்தோடு மறந்தும் போனார்கள். இப்போது ஒரு பொம்பளை மனுவோடு வீடு வீடாக ஏறி இறங்குவதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கூரையேறிக் கோழி பிடிக்க மாட்டாதவள் வானமேறி வைகுண்டம் போகிறாளாம் என்றார்கள். சொன்னவனிடமும் அவள் கைநாட்டு வாங்காமல் விடவில்லை. தக்காளிக்காரனிடம் சந்தையைப் பற்றிப் பேசினாள், பிள்ளைத்தாய்ச்சி இருக்கிற வீட்டில் ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேசினாள். மகளைப் பற்றி மட்டும் எங்கேயும் பேசவில்லை. சொன்னால், உன் மகள் படிக்க ஊர் ஏன் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்கிற ஊர்தான் அது.

மனுவை மேற்கே ஸ்டேஷனுக்கு அவளே கொண்டுபோனாள். ஸ்டேஷன் மாஸ்டர் மலையாளி, நல்ல மனுஷன். மேலே அனுப்புகிறேன் என்றவர் அனுப்பவும் செய்தார். அதற்குப் பிறகு வாரம் தவறாமல் போய் அவர் மேஜைக்கு முன்னால் நின்றாள். "அம்மே, நீங்க இப்பிடி வந்தா எனக்கே ஒரு ஸ்டேஷன் கட்டித் தரலாம்னு தோணுது" என்பார். ஐப்பசி வாக்கில், விஷயம் டிவிஷன் ஆபீஸில் பேச்சில் இருக்கிறது என்று அவர் சொன்னதும் ஊர் மாறிப் போனது. சிரித்தவர்களெல்லாம் பிளாட்பாரம் மேலவீதிப் பக்கமா கீழவீதிப் பக்கமா என்று சண்டை போட்டார்கள். அடுப்பு மூட்ட ஆளைக் காணோம், குளிர்காய மட்டும் கூட்டம். கமலாத்தாளுக்கு அதில் வருத்தமில்லை. செல்லாத்தாள் பொள்ளாச்சிக்கு உடுத்திப் போக இரண்டு தாவணிகளை மடித்துத் தனியாக வைத்திருந்தாள்.

தை மாசத்தில் ஒருநாள் கேங்மேன் சூசையப்பன் தண்டவாளத்தில் இருந்தபடியே அவளைக் கூப்பிட்டான். தினமும் லைனில் நடந்து போல்ட்டு நட்டு பார்க்கிறவன். ஸ்டேஷன் சேதிகளை அவன்தான் கொண்டுவருவான்.

"அக்கா, வர்ற வியாழக்கெழமை இன்ஸ்பெக்டரு வாராருங்க. உங்க ஊரு ஆளுக எத்தனை பேருன்னு எண்ணறதுக்கு. ஆளுக இருந்தா ஸ்டேசன் குடுத்துருவாங்களாம்."

"எண்ணவா வாராங்க தம்பி?"

"ஆமாங்க்கா. காலைல இருந்து பொழுது சாயற வரைக்கும் இருந்து எண்ணுவாராம்."

தலை எண்ணுவது என்றால் என்ன என்று வேப்பம்பதிக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்சஸ் எடுக்க வந்தார்கள். காட்டுக்கும் சந்தைக்கும் போயிருந்தவர்களின் வீடுகளெல்லாம் விட்டுப் போயின என்றும், அதனால்தான் அரசாங்கத்தின் கண்ணில் வேப்பம்பதி ஊராகவே படவில்லை என்றும் அங்கே ஒரு பேச்சு உண்டு. இந்தத் தரம் அப்படி ஆக விடுவதில்லை என்று கமலாத்தாள் புறப்பட்டாள்.

"வியாழக்கெழமை ஒருத்தரும் ஊரை உட்டு வெளிய போகக் கூடாதுங்க. கைக்கொழந்தை மொதக்கொண்டு ஊட்ல இருக்கோணும்."

வியாழக்கிழமை பொள்ளாச்சிச் சந்தை. பறித்து வைத்த தக்காளி இருக்கிறது, விற்க வேண்டிய கன்று இருக்கிறது. முனகினார்கள். அவள் கெஞ்சினாள், சண்டை போட்டாள், ஒரு கிழவரின் காலைக்கூடத் தொட்டாள். அந்த அலைச்சலில் அந்த வாரம் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. கடைசியில் ஊர் முழுக்க ஒத்துக்கொண்டது. இந்த ஊர் எதற்காவது ஒன்றாக நின்றது என்றால் அந்த வியாழக்கிழமைக்குத்தான்.

அன்று விடியும்போதே வீதி பெருக்கி, சாணம் தெளித்துக் கோலம் போட்டாயிற்று. மாவிலைத் தோரணம் கட்டினார்கள். கமலாத்தாள் கோழி அடித்து, ஒப்புட்டுப் போளி சுட்டு, புதுச் செம்பில் மோர் கரைத்து வைத்தாள். காலை வண்டி கடந்து போனது. அதில் ஏற வேண்டியவர்களெல்லாம் வெளுத்த சட்டையோடு வாசலில் நின்று அதைப் பார்த்தார்கள். உச்சி சாய்ந்தது. கன்றுகள் கத்தின. குழந்தைகள் ஒப்புட்டு கேட்டு அழுதார்கள். ஆபீசர் தொடுவதற்கு முன்னால் கொடுக்கக் கூடாது என்று அவள் அதட்டினாள். ஆபீசர் என்றால் சற்று முன்பின் ஆகத்தான் செய்யும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பொழுது இறங்கும்போது சூசையப்பன் லைன் வழியாக வந்தான். தோரணத்தையும் கூட்டத்தையும் பார்த்து நின்றுவிட்டான்.

"என்னங்க்கா, இன்னைக்கி ஒருத்தருமே சந்தைக்குப் போகலீங்களா?"

"நீதான தம்பி சொன்னே, எண்ண வாராங்கன்னு. எங்க அவரு?"

அவன் முகம் வெளுத்துப் போனது. "அக்கா... அவரு ஸ்டேசன்ல உக்காந்திருக்காருங்க. காலைல இருந்து. உங்க ஊர்ல இருந்து வண்டி ஏற எத்தனை பேரு வாராங்கன்னு எண்ணறதுக்குங்க்கா."

கமலாத்தாள் செம்பைக் கீழே வைத்தாள். அப்புறம் ஓடினாள். நாலு மைலும் தண்டவாளத்துக் கல்லிலேயே ஓடினாள். வழியில் சாயங்கால வண்டி எதிரே வந்தது. சரிவில் இறங்கி நின்று அதற்கு வழி விட்டாள். இன்ஸ்பெக்டர் அந்த வண்டியில்தான் போனார் என்பது ஸ்டேஷனுக்கு வந்த பிறகு தெரிந்தது.

மாஸ்டர் அவளை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"காலைல முதல் வண்டி தொட்டு அந்த சார் இவிடெத்தான் இருந்தாரு. உங்க ஊர்ல இருந்து ஒரு ஆளுகூட வரலை அம்மே. ஆளில்லைன்னு எழுதிட்டுப் போயாச்சு."

"இன்னொரு நா வரச் சொல்லுங்க சாமி. எல்லாத்தையும் நான் கூட்டியாரேன்."

"இனி எந்தக் காலத்துல வருவாரோ. வியாழக்கிழமை வாங்க, சந்தை நாளு, கூட்டம் நிறைய இருக்கும்னு சொன்னதே நான்தான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தால் உடைத்த கையை என்ன செய்வது என்று கமலாத்தாளுக்குத் தெரியவில்லை.

அவளை முட்டாள் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறார்கள். எனக்கு அவர்கள்மேல்தான் ஆத்திரம் வருகிறது. எண்ண வருகிறவர் எங்கே உட்கார்ந்து எண்ணுவார் என்று ஒரு வார்த்தை சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. அவள் பேச்சைக் கேட்டு அத்தனை பேரும்தான் தோரணம் கட்டினார்கள். ஆனால் மறுநாள் தக்காளி அழுகியதற்கும் கன்று விற்காததற்கும் அவள் ஒருத்திதான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பொம்பளை பேச்சைக் கேட்டால் இப்படித்தான் என்றார்கள். ஈஸ்வரமூர்த்தி அப்போதும் ஏசவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினான், அவ்வளவுதான்.

"உடும்மா" என்றாள் செல்லாத்தாள். அம்மாவுக்கு முன்னால் அவள் அழவில்லை. அது கமலாத்தாளுக்கு இன்னும் பெரிய தண்டனையாக இருந்தது.

வைகாசியில் மாப்பிள்ளை ஊரில் கல்யாணம் வைத்தார்கள். பெண்ணை அழைத்துப் போக ராமாத்தாளே வந்திருந்தாள். வேப்பம்பதியில் வீட்டைப் பூட்டாதவர்கள் இல்லை. சீர்த்தட்டும் கூடையுமாக, மேளத்தோடு, ஊரே மாந்தோப்புகளுக்குள் நடந்து மேற்கே ஸ்டேஷனுக்கு வந்து இறங்கியது. டிக்கெட் ஜன்னலில் தொடங்கிய வரிசை வெளியே புளியமரம் வரைக்கும் நீண்டது. உடுமலைக்கு அடுக்கி வைத்திருந்த அட்டை டிக்கெட் தீர்ந்துபோய் மாஸ்டர் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. நடுவில் அவர் தலையைத் தூக்கிக் கூட்டத்தைப் பார்த்தார். அவரை அறியாமலே பேனா முனை ஒவ்வொரு தலையாகத் தொட்டு நகர்ந்தது. கமலாத்தாள் நிற்பதைக் கண்டதும் சட்டென்று பேனாவைக் கீழே வைத்தார்.

அவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"எண்ணுங்க சாமி! ஏன் நிறுத்திப் போட்டீங்க? அத்தனை பேரும் வந்திருக்கறாங்க. ஒருத்தரு உடாம எண்ணுங்க!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள்.

செல்லாத்தாள் மாலையைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்கு அந்த வியாழக்கிழமை நினைவுக்கே வரவில்லை. பெற்ற வயிறு, அழுது தீர்க்கட்டும் என்று விலகி நின்றார்கள். ராமாத்தாள் மட்டும் கிட்டே வந்து, தன் சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அழுகாத கமலா. புள்ளை எங்க போறா, உன்ற நாத்தனா ஊட்டுக்குத்தான? பாக்கோணும்னு தோணுச்சுன்னா அப்பவே பொறப்பட்டு வந்துரு. வண்டிதான் உங்க ஊரு வழியாவே போவுதே."