கோபித்துக்கொள்ள வசதியான மண்டபம்

நசத்தர் கௌர் பஞ்சாபில் மோகாவுக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்க மருந்தகத்தில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஊசி போடுவதில் கை லேசு. பேச்சு அவ்வளவு லேசில்லை. பிரசவம், பாம்புக்கடி, கதிரடிக்கும் இயந்திரத்தில் சிக்கிய விரல் என்று எதற்கும் பதறியதில்லை. கல்யாண அழைப்பு வந்தால் மட்டும் பதறுவாள். காரணம், அவள் வீட்டுக்காரர் அஜைப் சிங்.

அத்தையின் புருஷனை அங்கே புப்பர் என்பார்கள். கல்யாண வீட்டில் புப்பர் ஒரு தடவையாவது கோபித்துக்கொள்வது ஊர் வழக்கம். யாராவது போய்த் தாஜா செய்து, பிடிவாதம் பிடித்தால் ஒரு சால்வையும் போர்த்தி அழைத்து வருவார்கள். மற்ற புப்பர்கள் இதை ஒரு சடங்குபோலச் செய்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். அஜைப் சிங் உத்தியோகமாகவே செய்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். எந்தக் கம்பியைத் தொட்டால் ஊர் முழுக்க இருளும் என்று அவருக்குத் தெரியும்.

புப்பர் ஆகும் முன்பே, மனைவியின் தம்பி சுக்மந்தரின் கல்யாணத்தில் தன்னைப் புகைப்படத்தின் ஓரத்தில் நிறுத்தியதாகக் கோபம். இன்னொரு கல்யாணத்தில் பக்கோடா ஆறிப்போய் வந்ததாகக் கோபம். பிறிதொன்றில் நேரே காருக்குப் போய் உட்கார்ந்தவர், வெகுநேரம் கழித்து, "நான் எதுக்குக் கோவிச்சுக்கிட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று மனைவியையே கேட்டார். அவளுக்கும் ஞாபகமில்லை. ஆனாலும் அவர் இறங்கவில்லை. காரணம் மறந்துபோனதற்காகக் கோபத்தை விட்டுவிட முடியுமா?

அவர் காரில் உட்கார்ந்தால் அவளும் உட்கார வேண்டும். பெண்கள் கைதட்டிப் பாடி ஆடும் கித்தா ஆட்டத்தில் அந்தத் தாலுகாவிலேயே அவளுக்கு இணை கிடையாது. அப்படிப்பட்டவள் ஒவ்வொரு கல்யாணத்திலும் ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள் இருந்துகொண்டு, உள்ளே அதிரும் மேளத்துக்குத் தோளை மட்டும் குலுக்கிவிட்டு வீடு திரும்பினாள்.

இப்போது சுக்மந்தரின் மகள் ரமன்ஜோத்துக்குக் கல்யாணம். நசத்தர் கௌர் ஒன்று முடிவு செய்தாள். இந்தக் கல்யாணத்தில் கடைசிப் பாட்டுவரை ஆடிவிட்டுத்தான் வெளியே வருவது.

லட்டுப் பெட்டியோடு சுக்மந்தர் வந்தான். அக்காவை பெஹன்ஜி என்றும் அவள் வீட்டுக்காரரை ஜீஜாஜி என்றும்தான் கூப்பிடுவான். "பெஹன்ஜி, பேலஸ் பாக்கணும். ஜீஜாஜிகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."

பேலஸ் என்பது கல்யாண மண்டபம். நெடுஞ்சாலை ஓரத்தில் வயலுக்கு ஒன்றாக முளைத்திருக்கும்.

"சொல்லாதே. அவரையே பாத்து முடிக்கச் சொல்லு," என்றாள்.

"ஐயோ! அவர் பாத்து முடிக்கறதுக்குள்ள ரமனுக்குப் பேரப்பிள்ளை பொறந்துடும்."

"நீ பாத்த எடம்னா வாசல்லயே குத்தம் கண்டுபிடிப்பார். தானே பாத்த பொண்ணை மூக்கு சப்பைன்னு எவன்டா சொல்லுவான்?"

சுக்மந்தர் யோசித்தான். ஒரு லட்டைத் தானே எடுத்துத் தின்றான். "ஆனந்த் காரஜ்? கல்யாணச் சடங்கை எங்க வெச்சுக்கறது?"

"அது குருத்வாராவுல. அதுல இவர் மூக்கை நுழைக்க முடியாது. சாப்பாடு, பாட்டு, குடி எல்லாம் நடக்கற எடம்தான் இவர் பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அஜைப் சிங் புதுத் தலைப்பாகையை எடுத்துக் கட்டினார். மூவரும் காரில் கிளம்பினார்கள்.

முதல் பேலஸின் வாசலில் இரண்டு சிமெண்டு யானைகள் நின்றன. மேலாளர் குளிர்பானத்தோடு ஓடிவந்து கூடத்தின் விளக்குகளையெல்லாம் போட்டுக் காட்டினார். அஜைப் சிங் கூடத்துக்குள் போகவே இல்லை. பக்கத்துப் புல்வெளியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வாசலைப் பார்த்தார். எழுந்தார்.

"சரிப்படாது. மரம் இல்ல."

"உள்ளே ஏசி இருக்கு சர்தார்ஜி."

"ஏசிய யாருய்யா கேட்டா?"

நசத்தர் கௌர் கழிவறையைப் பார்த்துவிட்டு வந்தாள். "தரை வழவழன்னு இருக்கு. மாப்பிள்ளை வீட்டு ஆளுங்கள்ல ஒருத்தருக்காவது இடுப்பெலும்பு போகும். வண்டியை எடு."

அடுத்த பேலஸின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை விமானம்போலக் கட்டியிருந்தார்கள். மரம் இருந்தது. அஜைப் சிங் அதனடியில் கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தார். பக்கத்தில் ஜெனரேட்டர் உறுமியது.

"இங்க உக்காந்தா ஒருத்தர் கெஞ்சறது இன்னொருத்தருக்குக் கேக்காது."

"யாரு ஜீஜாஜி கெஞ்சப் போறா?" என்றான் சுக்மந்தர்.

"பொதுவாச் சொன்னேன்."

நசத்தர் கௌருக்கு அங்கேயே லேசாகப் பொறி தட்டியது. மூன்றாவது பேலஸில் சந்தேகமே இல்லாமல் போயிற்று. அங்கே வற்றிப்போன நீரூற்றுக்குப் பக்கத்தில், வேப்ப மரத்தடியில், கூரை போட்ட சிறிய மேடை ஒன்று இருந்தது. அஜைப் சிங் அதில் ஏறி உட்கார்ந்தார். சாய்ந்தார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியது.

"வாசல்ல நுழையறவங்களுக்கு இங்க உக்காந்திருக்கறது தெரியுமா?" என்று மேலாளரைக் கேட்டார்.

"நல்லாத் தெரியும் சர்தார்ஜி."

"பாட்டுச் சத்தம்?"

"சன்னமாத்தான் கேக்கும்."

"பக்கோடா எங்க போடுவீங்க?"

"இதோ பின்னாடிதான். கொதிக்கக் கொதிக்க வந்துடும்."

"நாலஞ்சு பெரியவங்க சேந்து வந்து கைகூப்பி நின்னா எடம் பத்துமா?"

மேலாளர் எத்தனையோ கல்யாணம் பார்த்தவர். இப்படி ஒரு கேள்வியைக் கேட்டதில்லை. "பத்து பேர் நிக்கலாம்," என்றார் மெதுவாக.

மனுஷர் மண்டபம் பார்க்கவில்லை, கோபித்துக்கொண்டு உட்கார இடம் பார்க்கிறார்! நசத்தர் கௌர் போய்க் கழிவறையைப் பார்த்தாள். தரை காய்ந்திருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. திரும்பி வந்து, "முடிச்சுடு," என்றாள்.

சுக்மந்தருக்குத் தாங்கவில்லை. "பெஹன்ஜி, ஜெயிச்சுட்டோம்!"

"கட்டில் பிடிச்சுப்போச்சுன்னு நோயாளி சொன்னா, வியாதி போயிடுச்சுன்னு அர்த்தமா? போடா," என்றாள். ஆட்டம் இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. என்றாலும் தைக்கக் கொடுத்திருந்த குர்த்தாவை, கை தூக்க வசதியாகக் கக்கத்தில் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள்.

கல்யாணத்தன்று காலை குருத்வாராவில் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. பிறகு பேலஸ் வாசலில் மில்னி. இரு வீட்டு ஆண்களும் உறவுக்கு உறவு மாலை போட்டுக் கட்டிக்கொள்வார்கள். யார் யாரைத் தூக்குகிறார் என்று ஒரு பலப்பரீட்சையும் நடக்கும். அப்பாக்கள் ஆயிற்று, தாய்மாமன்கள் ஆயிற்று. "இனி புப்பர்கள்!" என்று குரல் வந்தது.

மாப்பிள்ளையின் புப்பர் நிர்பை சிங், ஒல்லியான மனுஷர். கஞ்சி போட்டு விறைத்த தலைப்பாகை. தான் பார்த்து முடித்த இடம் என்ற பெருமையில் காலையிலிருந்தே பூரித்துப்போயிருந்த அஜைப் சிங், மின்கம்பம் தூக்கிய கையால் அவரை ஒரே மூச்சில் மேலே தூக்கினார். மேலே பூவளைவு. அதில் மாட்டித் தலைப்பாகை ஒரு காதுக்குச் சரிந்தது. கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நிர்பை சிங் சிரிக்கவில்லை. இறங்கினார். தலைப்பாகையைச் சரிசெய்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். தேர்ந்த கண். நேரே வேப்ப மரத்தடி மேடைக்கு நடந்து, ஏறி உட்கார்ந்து, முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அது என் எடம்," என்றார் அஜைப் சிங், மூச்சுக்குள்.

"யாரய்யா இந்த பேலஸைப் பாத்தது? வளைவை இவ்வளவு தாழ்வாவா கட்டுவாங்க?" என்று மாப்பிள்ளை வீட்டார் கூவினார்கள். எல்லா விரலும் அஜைப் சிங் பக்கம் நீண்டது. சுக்மந்தர் கைகூப்பினான். "ஜீஜாஜி, நீங்கதான் காப்பாத்தணும். இதுல உங்களை விட்டா யாரு?"

அது உண்மை. அஜைப் சிங் நெஞ்சை நிமிர்த்தினார். "இப்பவே யாரும் போகாதீங்க. கொஞ்சம் ஆறட்டும். ரொம்ப ஆறவும் விடக் கூடாது, தனியா விட்டுட்டாங்கன்னு அது வேற கோவமாயிடும். பக்கோடா ரெண்டு தட்டு வேணும்."

"ஒரே ஆளுதானே?"

"முதல் தட்டை வேண்டாம்னு தள்ளணும். அதுதான் மரியாதை. ரெண்டாவதுலதான் கை வைப்பாங்க."

தட்டுகளோடு அவர் மேடை ஏறியதை நசத்தர் கௌர் பார்த்தாள். அதற்குமேல் நிற்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தாள்.

முதலில் சின்னப் பெண்கள் வழி விட்டார்கள். பிறகு வட்டம் கட்டினார்கள். கித்தாவில் பாடும் கேலிப் பாட்டான போலியை அவள் எடுத்துப் பாடினாள். மாமியாரை ஒரு வரியில், மாப்பிள்ளையின் மீசையை ஒரு வரியில், மின்வாரியத்தை ஒரு வரியில் வாரினாள். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மணப்பெண்ணே கூடத்து மேடையிலிருந்து இறங்கி அத்தையிடம் வந்து, "பூவாஜி, இதையெல்லாம் இத்தனை நாள் எங்க வெச்சிருந்தீங்க?" என்றாள்.

"காருக்குள்ள," என்றாள் அவள், ஆட்டத்தை நிறுத்தாமல்.

வியர்த்து விறுவிறுக்க சுக்மந்தர் ஓடிவந்தான். "பெஹன்ஜி, வெளியே வாங்க. ஜீஜாஜியும் கோவிச்சுக்கிட்டார்!"

"அவருக்கு என்னவாம்?"

"ரெண்டு தட்டு கொண்டுபோனாரே, நீங்களும் ஒண்ணு எடுத்துக்குங்கன்னு யாரும் சொல்லலையாம். இப்ப ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"பேசிக்கறாங்களா?"

"நிறுத்தாம பேசறாங்க. இந்தக் காலத்துல புப்பருக்கு மரியாதை இல்லன்னு."

"காய்ச்சல் இருக்கா, மயக்கம் இருக்கா?"

"இல்ல..."

"அப்ப நான் எதுக்கு? ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா இருக்காங்க. இன்னும் ரெண்டு தட்டு அனுப்பு."

அப்போதுதான் வாசலோரம் நின்ற அம்மாளைக் கவனித்தாள். நிர்பை சிங்கின் மனைவி. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். புடவைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்பவளைப்போலத் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

நசத்தர் கௌர் நேரே போனாள். சாவியை வாங்கிச் சுக்மந்தர் கையில் திணித்தாள். கைப்பையை வாங்கி நாற்காலியில் போட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா..." என்று அந்த அம்மாள் ஆரம்பித்தாள்.

"உள்ளே பாட்டுச் சத்தம். கேக்காது," என்று சொல்லி, அவள் மணிக்கட்டைப் பிடித்து வட்டத்துக்குள் இழுத்தாள் நசத்தர் கௌர்.