கல்லுக்கோயிலுக்கு வெள்ளையடித்தது

பழவேற்காடு ஏரிக்கரையில், எங்கள் குப்பத்தை ஒட்டி, வெள்ளைக்காரன் கட்டிய கல்லுக்கோயில் ஒன்று இடிந்து கிடந்தது. சாமியும் இல்லை, பாதிரியாரும் இல்லை. மூன்று சுவர், ஒரு வாசல், வாசலுக்கு மேலே எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. உள்ளே இருந்த கல்தரையில்தான் குப்பத்து வலையெல்லாம் காயும். மணலில் போட்டால் முள்ளும் சிப்பியும் ஏறிக்கொள்ளும். பிரித்தெடுப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும்.

அந்த இடத்தை லாரி யார்டுக்காக ஒருவர் வாங்கிவிட்டார் என்று தெரிந்ததும் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தோம். பழங்காலச் சின்னம் என்று அரசாங்கம் எழுதிவிட்டால் யாரும் இடிக்க முடியாதாம். அதிகாரி ஒருவர் நேரில் வருவதாகச் சொன்னார்.

அவர் வருவதற்கு முதல் நாள், கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்து பார்க்கிறேன், கோயில் பளிச்சென்று நிற்கிறது. திருவிழா வந்தால் எங்கள் அம்மன் கோயிலுக்கு வெள்ளையடிப்போம். அதே பழக்கத்தில் என் வீட்டுக்காரரும் கூட்டாளிகளும் சுவரெல்லாம் வெள்ளையடித்து, கீழே காவிப் பட்டையும் போட்டிருந்தார்கள். வாசல் எழுத்தின் மேல் இரண்டு கோட். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது.

அதிகாரி வந்ததும் வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார்.

"யாருங்க இத பண்ணது?"

"நாங்கதான் சார், நீங்க வர்றீங்கோன்னு," என்றார் என் வீட்டுக்காரர். "எங்க ஊட்டுக்குக்கூட இப்டி அடிச்சதில்ல."

மனிதர் கோபப்படவில்லை. "அந்த எழுத்துதாங்க இது பழசுன்றதுக்கு சாட்சி. சுத்தம் பண்ண ஆளு அனுப்புறேன். அதுவரைக்கும் கை வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சும்மா இருப்பார்களா? "அவருக்கு இன்னாத்துக்கு பேஜாரு, நாமளே பண்ணிடலாம்," என்று, படகின் அடியில் ஒட்டும் சிப்பியைச் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டார்கள். வெள்ளையோடு சேர்ந்து எழுத்தும் பெயர்ந்து வந்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை.

"புத்திக்குதாய்யா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"நல்லதுக்குத்தான பண்ணோம்," என்றார். அழுகிற மாதிரி இருந்தது அவர் முகம். அதற்கு மேல் நான் திட்டவில்லை.

யார்டு வந்துவிட்டது. இரண்டு சுவரை இடித்தார்கள். ரோட்டோரச் சுவரை மட்டும் விட்டுவிட்டார்கள். "இது புச்சாக்குது, காம்பவுண்டுக்கு ஆவும்," என்றாராம் இடத்தை வாங்கியவர். அந்தச் சுவருக்கு வெளியே, தார் ரோட்டில், லாரி வருகிறதா என்று பார்த்துப் பார்த்து வலை காயப்போடுகிறோம்.